பத்து நாளில் சீனா: ஆறு நகரமா, ஒரு கடற்கரையா?

கேள்வி இது: "பத்து நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. அம்மாவையும் அழைத்துப் போகிறேன். அவருக்கு 63 வயது, சைவம். பெய்ஜிங், சியான், ஜாங்ஜியாஜியே, குய்லின், ஷாங்காய், முடிந்தால் செங்டு என்று திட்டம். மொழி தெரியாமல் சமாளிக்க முடியுமா? போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புவதோடு நிற்காமல் அந்த மக்களின் பண்பாட்டையும் கொஞ்சம் புரிந்துகொள்ள ஆசை." ஊர்ப் பட்டியலைத் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தால், இவர் உண்மையில் கேட்பது அந்தக் கடைசி வரியைத்தான். ஆறு ஊரைப் பத்து நாளில் சுற்ற முடியுமா என்றால், முடியும். பெய்ஜிங்கிலிருந்து ஷாங்காய் 1,318 கிலோமீட்டர். வேகமான வண்டியில் நாலரை மணி நேரம். ஆனால் அறையைக் காலி செய்து, ஸ்டேஷன் போய், சோதனை முடித்து, ரயில் ஏறி இறங்கி, அடுத்த ஊரில் மெட்ரோ பிடித்து, புதிய அறையில் பெட்டியை வைக்கும்போது முக்கால் பகல் போயிருக்கும். ஐந்து முறை ஊர் மாறினால் நான்கு நாள் அதற்கே சரியாகிவிடும். மிச்ச ஆறு நாளில் ஆறு ஊர். அம்மா கால்வலியோடு திரும்புவார். பண்பாடு கண்ணில் பட்டிருக்காது.

நான் யார், எதை வைத்துச் சொல்கிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கருங்கல் பிளாக்குகளை சீனாவுக்கு அனுப்பும் தொழிலில் பதினைந்து வருடம் இருந்தேன். ஒவ்வொரு மார்ச்சிலும் சியாமெனில் நடக்கும் கல் கண்காட்சிக்குப் போவேன். அது முடிந்ததும் பக்கத்தில் உள்ள ஷுய்தோவ் என்ற ஊரில் வாரக்கணக்கில் தங்குவேன். நம் ஊர்க் கல் அங்கேதான் அறுபட்டு, பாலிஷ் ஆகி, உலகமெல்லாம் போகிறது. ஆக, எனக்கு நன்றாகத் தெரிந்த சீனா என்பது ஃபூஜியன் மாகாணத்தின் தெற்குக் கரைதான். பெய்ஜிங்குக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். திபெத், சின்ஜியாங் பக்கம் போனதே இல்லை. அதைப் பற்றி நான் சொன்னால் எடுத்துக்கொள்ளாதீர்கள். படித்த வரலாற்றாளனும் இல்லை. கல்லைப் பார்த்துப் பழகியவன், அவ்வளவே.

என் யோசனை: ஆறு நகரத்தை விட்டுவிட்டு இந்த ஒரு கரையை எடுத்துக்கொள்ளுங்கள். சியாமென், ச்சுவான்சோ, மலைக்குள் இருக்கும் மண்கோட்டை வீடுகள், நேரம் இருந்தால் வூயி மலை. நகரம், பண்பாடு, இயற்கை மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. சியாமெனிலிருந்து ச்சுவான்சோவுக்கு ரயிலில் அரை மணி நேரம்தான்; 2023 செப்டம்பரில் திறந்த ஃபூசோ–சியாமென் அதிவேகப் பாதை கடலின் மேலேயே பாலம் போட்டுப் போகிறது. டிக்கெட் போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். ச்சுவான்சோ வேறு, குவாங்சோ வேறு. நம் வியாபாரிகள் அடிக்கடி போகும் குவாங்சோ பக்கத்து மாகாணத்தில் இருக்கிறது. ஆங்கில எழுத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே தெரியும். என்னோடு வந்த ஒருவர் ஊர் மாற்றி டிக்கெட் எடுத்து ஒரு நாளை இழந்தார்.

ஏன் ச்சுவான்சோ? சோங், யுவான் ஆட்சிக் காலங்களில், அதாவது பத்தாம் நூற்றாண்டிலிருந்து பதினான்காம் நூற்றாண்டு வரை, உலகத்தின் பெரிய துறைமுகங்களில் ஒன்று அது. அரேபியர்கள் அதை ஸைத்தூன் என்றார்கள். மார்க்கோ போலோவும் இபின் பதூதாவும் வியந்து எழுதியது இந்த ஊரைத்தான். 2021ல் இந்த நகரத்தின் 22 இடங்களைச் சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. இவ்வளவு இருந்தும், நம் ஊர்ச் சுற்றுலா நிறுவனங்களின் பட்டியலில் இந்தப் பெயரை நான் அநேகமாகப் பார்த்ததே இல்லை. ஒரு தமிழர் சீனாவில் ஒரே ஒரு ஊரைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

முதலில் கைய்யுவான் கோயிலுக்குப் போங்கள். 686ல் தொடங்கிய பௌத்தக் கோயில். முற்றத்தில் இரண்டு பக்கமும் இரண்டு கற்கோபுரங்கள், பதின்மூன்றாம் நூற்றாண்டில் கட்டியவை. கிழக்குக் கோபுரம் 48 மீட்டர். எல்லாரும் அண்ணாந்து கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் பெரிய மண்டபத்துக்கு முன்னால் உள்ள மேடையில் குனிந்து அடிப்பகுதியைப் பாருங்கள். மனித முகமும் சிங்க உடலுமாக வரிசையாகப் புடைப்புச் சிற்பங்கள் இருக்கும். அப்புறம் மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு பின்புறம் போங்கள். பதினாறு பட்டை உள்ள இரண்டு தூண்கள் நிற்கின்றன. நான் முதல் தடவை போனது ஒரு மழைநாள். கூட்டமில்லை. தூணில் ஒரு வட்டத்துக்குள் மரத்தின் மேல் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், கீழே பெண்கள் கை உயர்த்தி நிற்கிறார்கள். சீனக் கதை ஏதோ என்று நினைத்து நகரப் போனேன். சட்டென்று பிடிபட்டது: கண்ணன் ஆய்ச்சியரின் ஆடையை எடுத்துக்கொண்டு மரமேறிய கதை. அடுத்ததைப் பார்த்தால், உரலோடு கட்டுண்ட குழந்தை இரண்டு மரத்தைச் சாய்க்கிறது. இன்னொன்றில் நரசிம்மர், மடியில் இரணியன். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். உங்கள் அம்மாவுக்கு இந்தத் தூண்களை யாரும் விளக்க வேண்டியதில்லை. அவர்தான் பக்கத்தில் நிற்கும் சீனர்களுக்கு விளக்க வேண்டியிருக்கும்.

இதில் எது உறுதி, எது ஊகம் என்று பிரித்துச் சொல்வது அவசியம். இணையத்தில் இதைப் பற்றி நிறைய மிகை உலவுகிறது. உறுதியானது இது: ச்சுவான்சோவில் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. சக ஆண்டு 1203, சித்திரை மாதம். கி.பி. கணக்கில் 1281. சம்பந்தப் பெருமாள் என்கிற தவச்சக்கரவர்த்திகள் செகசைகானின் பர்மான்படி, அதாவது அரசாணைப்படி, ஒரு சிவன் கோயிலில் இறைவனை எழுந்தருளச் செய்தார் என்கிறது. "செகசைகான் திருமேனிக்கு நன்றாக" என்று ஒரு தொடர் வரும், கானின் உடல்நலத்துக்காக. தமிழ் வரிகளுக்குக் கீழே சீன எழுத்தும் இருக்கிறது. அந்த ஆண்டில் சீனாவை ஆண்டவர் மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கான், ஆகவே செகசைகான் அவர்தான் என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். கோயிலின் பெயரில் கருத்து வேறுபாடு உண்டு. திருக்கதலீசுரம் என்று சிலர் படிக்கிறார்கள், கானின் பெயரால் அமைந்த திருக்கானீச்சுரம் என்று சிலர். அந்தக் கோயில் ஊரில் எந்த இடத்தில் நின்றது என்பதிலும் ஒரு முடிவு இல்லை. கைய்யுவான் தூண்கள் ஓர் இந்துக் கோயிலிலிருந்து வந்தவை, யுவானுக்கு அடுத்து வந்த மிங் ஆட்சிக் காலப் பழுதுபார்ப்பில் இங்கே பொருத்தப்பட்டவை என்பது பொதுவாக ஏற்கப்பட்டது. கல்வெட்டு சொல்லும் அதே கோயிலின் தூண்களா என்றால், இருக்கலாம் என்பதற்கு மேல் சொல்லக்கூடாது. கல் அந்தப் பகுதியில் கிடைக்கும் கரும்பச்சைக் கல்தான். இங்கிருந்து கப்பலில் போனதல்ல. உளி பிடித்தவர்? சிற்ப வடிவம் முழுக்க நம் சோழ நாட்டு வழி. ஆனால் முகங்களையும் ஆடை மடிப்பையும் பார்த்தால், நம்மவர் சொல்லச் சொல்ல அங்குள்ள சிற்பிகள் செதுக்கியது போல எனக்குப் படுகிறது. இது ஒரு கல்காரனின் எண்ணம், தீர்ப்பு அல்ல. கடல்சார் அருங்காட்சியகத்தில் இதே போன்ற துண்டுகள் நிறைய இருக்கின்றன. அரபு எழுத்துள்ள கல்லறைக் கற்களும், சிலுவையும் தாமரையும் சேர்ந்த கிறித்தவக் கற்களும் அங்கேயே இருக்கின்றன. அதற்கு ஒரு முழுக் காலையை ஒதுக்குங்கள்.

ஊருக்கு வெளியே ச்செதியான் என்ற கிராமத்தில் ஒரு சின்னக் கோயில் இருக்கிறது. நான்கு கையோடு உட்கார்ந்திருக்கும் ஒரு கற்பெண் தெய்வத்தை ஊர்க்காரர்கள் குவான்யின் என்று, அதாவது பௌத்தர்களின் கருணைத் தெய்வமாக, கும்பிடுகிறார்கள். நம் கண்ணுக்கு அது அம்மன். எந்த அம்மன் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஊதுவத்தி ஏற்றி, ஆரஞ்சுப் பழம் வைத்து, வேண்டிக்கொண்டு போகிறார்கள். பண்பாடு என்று நீங்கள் கேட்டீர்களே, என்னைக் கேட்டால் இதுதான் அதன் நடு. ஒரு கடவுள் ஊர் மாறி, பெயர் மாறி, எழுநூறு வருடம் கழித்தும் பூசை பெற்றுக்கொண்டிருக்கிறார்.

கோயிலில் சும்மா சுற்றிப் பார்க்காமல் ஓர் ஓரமாக அரை மணி நேரம் உட்காருங்கள். தூமென் தெருவில் உள்ள குவான் யூ கோயில் இதற்கு ஏற்ற இடம். குவான் யூ என்பவர் தெய்வமாக வணங்கப்படும் ஒரு பழைய படைத்தளபதி. எந்நேரமும் ஆள் வந்தபடி இருப்பார்கள். பிறை வடிவத்தில் இரண்டு மரத்துண்டு வைத்திருப்பார்கள், ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் புடைப்பு. மனதுக்குள் கேள்வியைச் சொல்லி, இரண்டையும் கைக்குள் பிடித்து நெற்றிக்கு நேரே உயர்த்தித் தரையில் போடுவார்கள். ஒன்று தட்டையாகவும் ஒன்று புடைப்பாகவும் விழுந்தால் சாமி சரி என்கிறது. இரண்டும் புடைப்பாக விழுந்தால் இல்லை. இரண்டும் தட்டை மேலே தெரிய விழுந்தால் சாமி சிரிக்கிறது, கேள்வியை ஒழுங்காகக் கேள் என்று பொருள். ஒருமுறை ஒரு பாட்டி பக்கத்தில் பேத்தியை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார். பரீட்சை விஷயம் என்று பிறகு தெரிந்தது. மூன்றாவது முறையும் ஒன்று தட்டை, ஒன்று புடைப்பு என்று விழுந்ததும் அந்தப் பெண் பாட்டியைக் கட்டிக்கொண்டது. நாம் பூக்கட்டிப் போட்டுப் பார்க்கிறோமே, அதேதான். அதே தெருவில் கொஞ்சம் நடந்தால் 1009ல் தொடங்கிய கருங்கல் பள்ளிவாசல் நிற்கிறது; தொழுகை மண்டபத்துக்கு இப்போது கூரை இல்லை, சுவர் மட்டும் வானத்தைப் பார்த்து நிற்கிறது.

பாலங்களைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. லுவோயாங் பாலம் 1053லிருந்து 1059க்குள் கட்டியது; அப்போது அங்கே ஆட்சியராக இருந்த ட்சாய் சியாங் முன்னின்று நடத்தினார். கடல் நீர் ஏறி இறங்கும் கழிமுகம் அது, அடியில் சேறு. முதலில் ஆற்றின் குறுக்கே பாறாங்கற்களைக் கொட்டி ஒரு கரை போலப் போட்டார்கள். கல்லும் கல்லும் நகராமல் பிடிக்க வேண்டுமே, அந்தக் காலத்தில் சிமெண்ட் ஏது? சிப்பி வளர்த்தார்கள். கடற்சிப்பி பாறையில் ஒட்டிக்கொண்டு வளரும்போது தன் ஓட்டுச் சாறால் கற்களைப் பிணைத்துவிடும். நீர் வற்றிய வேளையில் போய்த் தூண்களின் அடியைப் பாருங்கள். சொரசொரவென்று சிப்பி அப்பியிருப்பது இன்றும் தெரியும். தூண்களின் முனை படகு மூக்கு போலக் கூராக இருக்கும், தண்ணீரைப் பிளக்க. இன்னொன்று ஆன்பிங் பாலம். 1138ல் தொடங்கி 1151ல் முடித்தது, இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளம், முழுக்கக் கற்பாளம். அதன் ஒரு முனை நான் தங்கிய ஷுய்தோவ். சாயங்காலம் வேலை முடிந்ததும் அதில் நடப்பேன். ஒவ்வொரு பாளமும் டன் கணக்கில் எடை இருக்கும். கிரேனும் லாரியும் வைத்துக்கொண்டே ஒரு பிளாக்கை நகர்த்த நாங்கள் படும் பாடு எனக்குத் தெரியும். ஏற்றநீரில் பாளத்தைப் படகில் கொண்டுவந்து தூணுக்கு நேரே நிறுத்தி, நீர் இறங்கும்போது தானாக உட்கார வைத்தார்கள் என்று சொல்வார்கள். செய்யக்கூடிய வழிதான்.

இப்போது தேநீர். ச்சுவான்சோ நிர்வாகத்தின் கீழ் வரும் ஆன்சி மலைப் பகுதியில்தான் தியேகுவான்யின் என்ற தேயிலை விளைகிறது. அந்தக் கரையின் பேச்சு மொழியான மின்னானில் தேயிலைக்கு "தே" என்று பெயர். டச்சுக் கப்பல்கள் வழியாக அந்தச் சொல்தான் ஐரோப்பாவுக்குப் போனது. நம் தேயிலையிலும் தேநீரிலும் உள்ள "தே" அந்தச் சொல்லின் வழிவந்ததுதான். நாயர் கடைச் "சாயா" சீனாவின் மற்றப் பகுதிகளில் வழங்கும் "ச்சா"விலிருந்து வந்தது. ஷுய்தோவில் எந்தக் கல் ஆபீசுக்குள் நுழைந்தாலும் முதலில் விலை பேச மாட்டார்கள். மரப்பலகை போட்ட தேநீர் மேசை, ஓரத்தில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும். மூடிபோட்ட சின்னக் கிண்ணத்தில் ஒரு பிடி இலை. முதல் கொதிநீரை ஊற்றி உடனே வடித்துக் குவளைகளைக் கழுவக் கொட்டிவிடுவார்கள். இரண்டாவது நீர்தான் குடிக்க. குவளை இரண்டு வாய்க்கு மேல் பிடிக்காது. காலியானதும் நிரம்பும், நீங்கள் போதும் என்று எழும் வரை. ஊற்றுபவருக்கு நன்றி சொல்ல இரண்டு விரலால் மேசையை லேசாகத் தட்டினால் போதும். மூன்றாவது குவளைக்குப் பிறகுதான் "இந்த பிளாக்கில் ஒரு கீறல் இருக்கிறதே" என்று பேச்சு தொடங்கும். நீங்கள் எந்தத் தேயிலைக் கடைக்குள் போனாலும் உட்காரச் சொல்வார்கள். உட்காருங்கள். வாங்கியே ஆக வேண்டும் என்று யாரும் என்னை வற்புறுத்தியதில்லை. இருந்தாலும் அரை மணி நேரம் உட்கார்ந்தால் நூறு கிராம் வாங்கிக்கொண்டு எழுவது மரியாதை.

அம்மாவின் சாப்பாடு. இது சமாளிக்கக்கூடியதுதான், ஆனால் கவனம் வேண்டும். "காய்கறி மட்டும்" என்று சொன்னால் பன்றிக்கொழுப்பில் வதக்கிய கீரையோ, சிப்பிச் சாறு ஊற்றிய காயோ வரும். அவர்கள் கணக்கில் அது காய்தான். என் மனைவி ஒருமுறை வெறும் காய் சூப் என்று நம்பிக் குடித்துவிட்டு, அடியில் உலர்ந்த இறால் கிடந்ததைப் பார்த்து அன்று முழுதும் சாப்பிடவில்லை. அதனால் "வோ ச்சீ சூ" என்று சொல்லப் பழகுங்கள். பௌத்த வழியில் நான் சைவம் என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல் அது, கேட்டதும் புரிந்துகொள்வார்கள். "சூ" (素) என்ற எழுத்தைப் போனில் பெரிதாக வைத்துக்கொண்டு கடைப் பலகைகளில் தேடுங்கள். இந்தக் கரையில் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பலர் சைவம்தான் சாப்பிடுவார்கள், நம் அமாவாசை விரதம் போல. சியாமெனில் நான்புதுவோ கோயிலின் சைவ உணவகம் பேர்பெற்றது. பௌத்த சைவத்தில் வெங்காயம், பூண்டும் கிடையாது. வேர்க்கடலையைக் கரையும் வரை வேகவைத்த இனிப்புக் கஞ்சியும், தேன் ஊற்றிய கடல்பாசியும் தெருவிலேயே கிடைக்கும். கையில் ஊறுகாயும் கொஞ்சம் பருப்புப்பொடியும் எடுத்துப் போங்கள். வெறும் சோறு எங்கேயும் உண்டு.

மொழி பற்றி: ஆங்கிலம் எதிர்பார்க்காதீர்கள். போனில் மொழிபெயர்ப்புச் செயலியை இணையம் இல்லாமலும் இயங்குமாறு இறக்கி வையுங்கள். கூகுள், வாட்ஸ்அப் அங்கே தடை. நம் ஊர் சிம்மில் ரோமிங் போட்டால் பெரும்பாலும் வேலை செய்யும். பணம் கொடுப்பது எல்லாமே அலிபே, வீசாட் என்ற போன் செயலிகளில்தான். வெளிநாட்டு கார்டை அவற்றில் இணைக்கலாம், கிளம்பும் முன் வீட்டிலேயே இணைத்துச் சரிபாருங்கள். கையில் கொஞ்சம் யுவான் நோட்டும் இருக்கட்டும். ரயிலுக்கு 12306 என்ற அரசுத் தளம் ஆங்கிலத்தில் இருக்கிறது, பதினைந்து நாள் முன்னால் திறக்கும், பாஸ்போர்ட்தான் டிக்கெட். விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன. என் சொல்லை நம்பாமல் தூதரகத்தின் பக்கத்தைப் பாருங்கள். அக்டோபர் முதல் வாரம், மே முதல் வாரம், சீனப் புத்தாண்டு, இந்த மூன்றையும் தவிருங்கள். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை புயல் காலம். அக்டோபர் பின்பாதியும் நவம்பரும் அருமை.

மலைக்கு இரண்டு நாள் வையுங்கள். யொங்திங், நான்ஜிங், ஹுவாஆன் வட்டாரங்களில் உள்ள துலோ என்ற மண்வீடுகளில் 46ஐ 2008ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது. (இந்த நான்ஜிங் ஒரு மலை வட்டாரம், பெரிய நகரமான நான்ஜிங் அல்ல.) வட்டமாகவோ சதுரமாகவோ மண்சுவர், பெரும்பாலும் ஒரே வாசல், உள்ளே ஒரு குலமே குடியிருக்கும். தரைத்தளத்தில் அடுப்படி, அதற்கு மேல் தானியம், அதற்கும் மேல் படுக்கை. 1709ல் கட்டிய ச்செங்ச்சிலோ நான்கு வளையம் ஒன்றுக்குள் ஒன்றாக, நடுவில் முன்னோர் கூடம். அமெரிக்கர்கள் செயற்கைக்கோள் படத்தில் இதை ஏவுகணைக் கூடம் என்று நினைத்துப் பயந்தார்கள் என்று எல்லா வழிகாட்டியும் சொல்வார். ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை. ஒரு ராத்திரி அங்கேயே தங்குங்கள். சுற்றுலா பஸ் எல்லாம் போன பிறகு, உள்முற்றத்தில் துவைத்த துணி காயும், ஒரு வீட்டில் டிவி ஓடும், பாத்திரம் கழுவும் சத்தம் வட்டச் சுவரில் மோதிச் சுற்றி வரும். அம்மா மாடி ஏற வேண்டாம் என்றால் படி இல்லாத அறையாக முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பழைய மரப்படி செங்குத்தாக இருக்கும்.

இயற்கை மட்டுமே முக்கியம் என்றால் அந்த இரண்டு நாளை வூயி மலைக்குக் கொடுங்கள். சிவந்த பாறைகளுக்கு நடுவே ஒன்பது வளைவு எடுத்து ஓடும் ஓடையில் மூங்கில் தெப்பத்தில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தபடியே போகலாம். 63 வயதுக்கு அது ஜாங்ஜியாஜியேயின் மலைப் படிகளைவிடப் பொருந்தும். பெய்ஜிங்கைப் பார்க்காமல் வர மனம் ஒப்பாது என்றால் அதுவும் நியாயம். நான்கு நாள் பெய்ஜிங், பெருஞ்சுவரில் படாலிங் பகுதி வேண்டாம், முதியான்யூ பகுதிக்குப் போங்கள். கேபிள் கார் இருக்கிறது. மிச்ச ஆறு நாள் இங்கே, மலையை விட்டுவிடுங்கள். அப்படிப் போனாலும் ச்சுவான்சோவுக்கு மூன்று இரவுக்குக் குறையாமல் வையுங்கள், அறையை மேற்குத் தெருவில் பாருங்கள். கைய்யுவான் கோயில் நடக்கும் தூரத்தில் இருக்கும், காலையில் கதவு திறந்ததும் கூட்டம் வருவதற்குள் அம்மாவைப் பின்புறத் தூணருகே கொண்டுபோய்விடலாம்.